செக்யூரிட்டி கார்டு பயிற்சி: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் ஒரு ஏஜென்சியில் ஃபீல்டு ஆபீசராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். இப்போது ஒன்பது வருஷமாக கார்டுகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். வேலைக்குச் சேர வருகிறவர்கள், அப்பார்ட்மென்ட் செக்ரட்டரிகள், ஜவுளிக்கடை மேனேஜர்கள், ஏஜென்சி ஆரம்பிக்க நினைக்கிற ரிட்டையர்டு ஆட்கள் என்று யார் பேசினாலும் கடைசியில் அதே இருபது சந்தேகத்தில்தான் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட்டு எனக்குத் தொண்டை போய்விட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வாட்ச்மேன் வேலைக்கு எதுக்குங்க பயிற்சி? கேட்டைத் திறந்து மூடத்தானே?

வருஷத்தில் 364 நாள் அதுதான் வேலை, ஒத்துக்கொள்கிறேன். மிச்சமுள்ள ஒரு நாளுக்குத்தான் பயிற்சி. ஒரு ஸ்டேஷன் எல்லையில் எத்தனை தெரு, ராத்திரி ரவுண்டுக்கு எத்தனை போலீஸ்காரர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதே எல்லைக்குள் ஏ.டி.எம்., ஆஸ்பத்திரி, மில், கல்யாண மண்டபம், அப்பார்ட்மென்ட் என்று தெருவுக்கு ஒருவராவது யூனிஃபார்மில் நின்றுகொண்டிருப்பார். ஏதாவது நடந்தால் முதலில் பார்ப்பது அவர். போலீஸோ ஃபயர் சர்வீஸோ ஆம்புலன்ஸோ வந்து சேரும்வரை உள்ள பத்து நிமிஷம் அவர் கையில்தான் இருக்கிறது.

நான் ஃபீல்டு ஆபீசராக இருந்தபோது எங்கள் சைட் ஒன்றில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. 108 சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் இரண்டாவது கேட்டின் சாவி எங்கே என்று கார்டுக்குத் தெரியவில்லை, 'சி' பிளாக் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று தெரியவில்லை, வழியை மறித்து நிற்கிற கார் யாருடையது என்றும் தெரியவில்லை. நல்ல மனுஷன், சல்யூட் மட்டும் அப்படி அடிப்பார். அதைத்தான் நாங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

இது சட்டப்படி கட்டாயமா, இல்ல ஏஜென்சிக்காரங்க காசு பறிக்கச் சொல்றதா?

கட்டாயம். 2005-ல் வந்த தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2006 மார்ச் 15 முதல் அமலில் இருக்கிறது. தொழிலில் இருப்பவர்கள் அதை 'பசாரா' என்பார்கள். பயிற்சி முடிக்காத ஒருவரை ஏஜென்சி கார்டாக அனுப்பக்கூடாது என்று அதன் பத்தாவது பிரிவு சொல்கிறது. மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் போகலாம். லைசென்ஸே இல்லாமல் ஏஜென்சி நடத்தினால் ஒரு வருஷம் வரை உள்ளே போகவும் வாய்ப்புண்டு.

எவ்வளவு நேரம் என்பதை மத்திய அரசின் மாதிரி விதிகள் சொல்கின்றன: வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாளில் பரவலாக. மாநிலங்கள் இதை ஒட்டித் தங்கள் விதிகளைப் போட்டுக்கொள்கின்றன. 'மூணு நாள்ல முடிச்சுத் தர்றோம்' என்று யாராவது சொன்னால் என்ன அர்த்தம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு 52 வயசு ஆகுதுங்க, மில் வேலை போயிடுச்சு. சேரலாமா?

தாராளமாக. 18 முடிந்து 65 ஆகாமல் இருந்தால் போதும். இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், போலீஸ் நன்னடத்தைச் சரிபார்ப்பு நடக்கும். உடல் தகுதி என்று பார்த்தால் ஆண்களுக்கு 160 செ.மீ. உயரம், மார்பளவு 80 செ.மீ., மூச்சை இழுத்தால் அது நாலு செ.மீ. விரிய வேண்டும். கண்ணாடி போட்டிருக்கலாம், நிறக்குருடு மட்டும் கூடாது. காது சரியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அலாரம் அடித்தால் காதில் விழ வேண்டுமே.

பலரை மிரட்டுவது ஓட்டம்தான்: ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிஷத்தில் ஓடி முடிக்க வேண்டும். 52 வயதில் முதல் நாளே முடியாது. காலையில் வ.உ.சி. மைதானம் பக்கம் நடக்க ஆரம்பித்து, மூன்றாவது வாரத்தில் ஓடி முடித்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இங்கிலீஷ் வராது. அதனால தள்ளிடுவாங்களா?

பேச வேண்டியதில்லை. எழுத்தையும் எண்ணையும் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் விதியும் கேட்கிறது. வண்டி நம்பர், அடையாள அட்டையில் உள்ள பெயர், ஃபயர் அலாரம் பேனலில் எந்த மாடி எரிகிறது என்று காட்டுகிற எழுத்து, இவற்றை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டால் போதும். வகுப்பில் இதற்கென்றே நான் தனியாக நேரம் ஒதுக்குகிறேன், ஜன்னல் வழியாகத் தெரிகிற வண்டிகளின் நம்பரை ஒரே பார்வையில் பார்த்துத் திரும்பி நின்று எழுதச் சொல்வேன். படித்தவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

பொம்பளைங்களுக்கு இந்த வேலை சரிப்பட்டு வருமா?

ஆள் கிடைக்காமல்தான் தவிக்கிறோம். ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, காலேஜ், ஐ.டி. கம்பெனி, எங்கேயும் பெண்களைச் சோதிக்கப் பெண்தான் வேண்டும், அதில் சமரசமே கிடையாது. உயரம் 150 செ.மீ. போதும், மார்பளவு விதி இல்லை. சேருவதற்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா, ராத்திரி டூட்டி என்றால் வீட்டுக்கு யார் கொண்டுபோய் விடுவார்கள்? இந்த இரண்டுக்கும் மழுப்பினால் அந்த சைட் வேண்டாம்.

பதினேழு வருஷம் ஆர்மியில இருந்தவன் நான். எனக்கே பயிற்சியா?

உங்களுக்குக் குறுகிய பயிற்சி: வகுப்பு 40 மணி, களம் 16 மணி, குறைந்தது ஏழு வேலை நாள். முன்னாள் போலீஸ்காரர்களுக்கும் இதே. வேலைக்கு எடுப்பதிலும் உங்களுக்கு முன்னுரிமை உண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் உங்களுக்கு நான் சொல்லித்தருவதைவிட மறக்கச் சொல்வதுதான் அதிகமாக இருக்கும். பார்டரில் எதிரே வருகிறவரைப் பார்த்த கண்ணோடு இங்கே ஸ்விக்கி பையனைப் பார்க்கக் கூடாதல்லவா.

அந்த 160 மணி நேரத்துல அப்படி என்னதான் சொல்லித்தருவாங்க?

பட்டியல் நீளம்: பொது இடத்தில் நடந்துகொள்ளும் விதம், உடற்பயிற்சி, கட்டடப் பாதுகாப்பு, தீயணைப்பு, கூட்டத்தைச் சமாளிப்பது, அடையாள அட்டை பார்ப்பது, வெடிகுண்டுபோல் தெரியும் பொருளை அடையாளம் காண்பது, முதலுதவி, பேரிடர் வந்தால் செய்ய வேண்டியது, குற்றவியல் சட்டத்தில் கொஞ்சம், தற்காப்பு உரிமை, எஃப்.ஐ.ஆர். போடுவது எப்படி, மெட்டல் டிடெக்டர் மாதிரிக் கருவிகள். போலீஸ், ராணுவத் தோள்பட்டைச் சின்னங்களை அடையாளம் காண்பதுகூட உண்டு.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது தீயணைப்பும் முதலுதவியும். எக்ஸ்டிங்விஷரைச் சுவரில் பார்த்துப் பழகியிருப்போம், கையில் எடுத்ததே இருக்காது. பதட்டத்தில் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று: கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே பின்னைப் பிடுங்குவார்கள், அது இறுகிக்கொண்டு வரவே வராது, சிலிண்டர் கெட்டுப்போச்சு என்று கீழே போட்டுவிட்டு ஓடுவார்கள். கைப்பிடியை விட்டுவிட்டுப் பின்னைக் கழற்ற வேண்டும், அப்புறம் நெருப்பின் அடிப்பக்கம் பார்த்து இடவலமாக அடிக்க வேண்டும். பவுடர் சிலிண்டர் அரை நிமிஷம்கூட வராது, அதனால் மேலே எழுகிற ஜ்வாலையில் அடித்து வீணாக்கக் கூடாது. இதைப் படித்தால் வராது, ஒரு தடவை நிஜ நெருப்பில் செய்தால்தான் கை பழகும். சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்தி உயிரைக் காப்பாற்றுவது, அதே மாதிரி: நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, நெஞ்சு 5 செ.மீ. அமுங்குகிற அளவுக்கு. பொம்மையில் செய்யும்போதே இரண்டு நிமிஷத்தில் வேர்த்துவிடும்.

இன்னொன்று, விசில். கார்டு விசிலைக் கயிற்றோடு இடது பாக்கெட்டில் வைத்திருக்க வேண்டும், நோட்டும் பேனாவும் கையோடு இருக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. முதல் நாள் வகுப்பில் பழைய ஆட்களை ஊதச் சொல்வேன். பாதி விசிலில் உள்ளே இருக்கிற குண்டு ஒட்டிக்கொண்டு வெறும் காற்றுதான் வரும்.

செக்யூரிட்டிக்குப் போலீஸ் பவர் ஏதாவது இருக்குங்களா?

இல்லை. துளிகூட இல்லை. ரோட்டில் போகிற ஒரு சாதாரண ஆளுக்குச் சட்டம் என்ன உரிமை தருகிறதோ அதுதான் உங்களுக்கும். உங்களுக்குக் கூடுதலாக இருப்பது கடமை: அந்த இடத்தின் சொந்தக்காரர் சார்பில் நிற்கிறீர்கள், அதனால் 'உள்ளே வரக்கூடாது' என்று சொல்லலாம்.

யூனிஃபார்ம் விஷயத்தில் ஜாக்கிரதை. போலீஸ் அல்லது ராணுவ உடுப்பு மாதிரியே தெரிகிற உடையைப் போட்டால் கார்டுக்கும் ஏஜென்சி முதலாளிக்கும் சேர்த்தே ஒரு வருஷம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். 'கெத்தா இருக்கும்' என்று காக்கியும் மூன்று நட்சத்திரமும் கேட்கிற கல்யாண மண்டபக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

திருடனைக் கையும் களவுமா பிடிச்சா? விட்டுடறதா?

விட வேண்டாம், ஆனால் எல்லை தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அமலில் இருக்கிறது. அதன் 40-வது பிரிவுப்படி, கண்ணெதிரே ஜாமீன் தர முடியாத, போலீஸ் வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் ஒன்று நடந்தால் எந்தத் தனிநபரும் அந்த ஆளைப் பிடித்து வைக்கலாம். பிடித்ததும் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். 'கண்ணெதிரே' என்பதைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள், யாரோ சொன்னார்கள் என்று பிடிப்பது இதில் வராது.

இங்கேதான் ஒரு வில்லங்கம். புதிய சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் கீழ் முதல் முறை திருடியவருக்குப் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை, அந்த வகைத் திருட்டு வாரன்ட் இல்லாமல் கைது செய்யும் வகையிலும் வராது. அதாவது 400 ரூபாய் சட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்ட பெண்ணைக் கடையின் பின்னறையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால், கடைசியில் சட்டவிரோதமாக அடைத்து வைத்தார் என்ற வழக்கு உங்கள் மேல்தான் வரும். பொருளைக் கேட்டு வாங்குங்கள், மேனேஜரைக் கூப்பிடுங்கள், புகார் தருவதா இல்லையா என்பது கடைக்காரர் முடிவு. அடிப்பது, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் விடுவது, அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டுவது, எதுவும் கூடாது. யார் சொன்னாலும் கூடாது.

உள்ள வர்றவங்க பையைச் சோதிக்கலாமா?

அவர் சம்மதித்தால் சோதிக்கலாம். 'பையைக் காட்டினால்தான் உள்ளே' என்பது இடத்துக்காரர் வைத்த நிபந்தனை, பிடிக்காவிட்டால் அவர் திரும்பிப் போகலாம். பையை நீங்கள் பிடுங்கக்கூடாது, திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், பொருளை அவரையே நகர்த்தச் சொல்ல வேண்டும். சட்டைப் பைக்குள் கை விடுவது கிடையாது. பெண்கள் விஷயம் மேலேயே சொல்லிவிட்டேன்.

குடிச்சுட்டு அடிக்க வந்தான்னா, வாங்கிக்கிட்டு நிக்கணுமா?

வேண்டாம். தன் உடம்பையும், அடுத்தவர் உடம்பையும், பொருளையும் காப்பாற்றிக்கொள்ளும் உரிமை எல்லாருக்கும் உண்டு, பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதைப் பற்றித்தான். காப்பாற்றிக்கொள்ள எவ்வளவு தேவையோ அவ்வளவுதான், அவர் விழுந்த பிறகு நாலு மிதி என்பது தற்காப்பு ஆகாது.

ஆனால் வகுப்பில் நான் அதிக நேரம் செலவழிப்பது அடிதடிக்கு முந்தைய இரண்டு நிமிஷத்துக்கு. குரலை இறக்குங்கள், இரண்டு கை தூரம் தள்ளி நில்லுங்கள், கையைப் பின்னால் கட்டாதீர்கள், 'அண்ணா, உட்காருங்க, தண்ணி குடிங்க, வண்டி வரச் சொல்றேன்' என்று பேச்சை வீட்டுக்குப் போகிற பக்கம் திருப்புங்கள். பத்தில் எட்டுப் பேர் அடங்கிவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

தீ பிடிச்சா முதல்ல ஓனருக்குப் போன் போடணுமா, ஃபயர் சர்வீஸுக்கா?

101 அல்லது 112. அப்புறம்தான் ஓனர். இதில் தயங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால் பயந்துவிடுவீர்கள், ஏனென்றால் 'எதுவா இருந்தாலும் முதல்ல எனக்குச் சொல்லு' என்றுதான் எல்லா முதலாளியும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

2011 டிசம்பர் 9, கொல்கத்தாவில் ஏ.எம்.ஆர்.ஐ. ஆஸ்பத்திரி. விடிவதற்கு முன் அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை மேலே ஏறி, படுக்கையில் இருந்த நோயாளிகள் உட்பட சுமார் 90 பேர் இறந்துபோனார்கள், பெரும்பாலும் மூச்சுத்திணறி. புகையைப் பார்த்துப் பக்கத்துக் குடிசைப் பகுதிப் பையன்கள் உதவ ஓடி வந்திருக்கிறார்கள், அவர்களைக் காவலாளிகள் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள் என்று அப்போது செய்தி வந்தது. அந்தக் காவலாளிகளைத் திட்டுவது சுலபம். 'வெளியாள் யாரையும் விடாதே' என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்து, எப்போது விட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டால் எந்தக் கார்டும் அதைத்தான் செய்வார். அதனால் என் வகுப்பில் தீ என்றால் வரிசை இதுதான்: சத்தம், போன், கேட்டை அகலத் திறப்பது, ஆட்களை வெளியேற்றுவது. எக்ஸ்டிங்விஷர் அதற்கு அப்புறம், அதுவும் நெருப்பு ஒரு குப்பைத்தொட்டி அளவுக்குள் இருந்தால் மட்டும்.

சந்தேகப்படற மாதிரி ஒருத்தர் நிக்கறார். சொல்லலாமா? தப்பாப் போயிட்டா எம் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?

2017 மே 22, இங்கிலாந்தில் மான்செஸ்டர் அரீனா. இசை நிகழ்ச்சி முடிகிற நேரம் பெரிய முதுகுப்பையோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். குழந்தையைக் கூட்டிப்போக வந்த ஒருவர் பார்த்துச் சந்தேகப்பட்டுக் காவலாளியிடம் சொன்னார். சின்ன வயதுக் காவலாளி ஒருவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியும், தவறாகிவிட்டால் இனவெறியன் என்பார்களே என்று தயங்கியிருக்கிறார். வயர்லெஸ்ஸில் முயன்றபோது லைன் கிடைக்கவில்லை. குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். பின்னால் நடந்த பொது விசாரணையில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதைத் தூரத்துக் கதை என்று சொல்ல முடியாது, 1998 பிப்ரவரி 14-ல் நடந்த தொடர் குண்டுவெடிப்பில் இங்கேயே 58 பேரை இழந்திருக்கிறோம்.

மான்செஸ்டரின் அந்தச் சின்ன வயதுக் காவலாளியின் தயக்கம் ஒரு பயிற்சிக் குறைபாடு. ஆளின் தோற்றத்தைப் பார்க்கச் சொன்னால் அவமானப்படுவோமோ என்ற பயம் வரத்தான் செய்யும். செயலைப் பார்க்கச் சொன்னால் வராது. தாடி, தொப்பி, காவி, இந்தி பேசுவது, கிழிந்த சட்டை, இவையெல்லாம் சந்தேகம் ஆகாது. கேமரா எங்கெங்கே என்று பார்த்துக்கொண்டே போவது, காரணமில்லாமல் மூன்று நாளாக ஒரே நேரத்தில் வந்து நிற்பது, பையை வைத்துவிட்டு நகர்வது, நீங்கள் கிட்டே போனால் போனில் பேசுகிற மாதிரி நடிப்பது, இவை எழுதி வைக்கக்கூடிய செயல்கள். முதலில் பக்கத்தில் போய் 'யாரைப் பார்க்கணுங்க, உதவட்டுங்களா?' என்று கேளுங்கள். நிஜமாக வந்தவர் நன்றி சொல்வார், வேறு நோக்கத்தில் வந்தவர் தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்வார். இரண்டுமே உங்களுக்கு லாபம். பதில் ஒட்டவில்லையா, சூப்பர்வைசருக்கும் 112-க்கும் சொல்லுங்கள். தவறாகப் போனால் போகட்டும்.

யாருமில்லாத பை கிடந்தா?

தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். 'யாருது?' என்று ஒரு தடவை சத்தமாகக் கேளுங்கள், யாரும் வரவில்லையா, ஆட்களைத் தள்ளிப் போகச் சொல்லுங்கள், போனும் வாக்கிடாக்கியும் அதன் பக்கத்தில் வேண்டாம், தூரப் போய் 112. பெரும்பாலும் அதில் யாரோ மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸ்தான் இருக்கும், அதற்காக யாரும் உங்களைக் கேலி செய்ய விடாதீர்கள்.

போலீஸ்காரங்க எங்களை மதிக்கவே மாட்டாங்க. அவங்களுக்கு எதுக்கு நாங்க தகவல் சொல்லணும்?

உண்மைதான், பல இடத்தில் 'ஏய் வாட்ச்மேன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் பார்த்தவரை மரியாதை மாறுவது ஒரே ஒரு இடத்தில்: நீங்கள் கொடுக்கிற தகவலில். 'ரெண்டு பசங்க வந்தாங்க சார், பைக்குல ஓடிட்டாங்க' என்றால் ஸ்டேஷனில் உட்காரச் சொல்லக்கூட மாட்டார்கள். 'ராத்திரி 1.40, கறுப்பு பல்சர், நம்பரில் கடைசி நாலு இது, பின்னால் இருந்தவன் இடது கையில் கட்டு, திருச்சி ரோடு பக்கம் போனார்கள்' என்றால் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டரே நாற்காலி போடுவார். நோட்டும் பேனாவும் விதியில் இருப்பது இதற்குத்தான். மணியை முதலில் எழுதுங்கள், மிச்சத்தை அப்புறம்.

சைட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே அந்த ஏரியாவில் ரவுண்டு வருகிற பீட் போலீஸ் யார் என்று தெரிந்துகொண்டு, அவர் நம்பரையும் ஸ்டேஷன் லேண்ட்லைனையும் கேட் ரூம் சுவரில் எழுதி ஒட்டுங்கள். போனில் 'காவல் உதவி' செயலியைப் போட்டு வையுங்கள். ஏதாவது நடந்த இடம் என்றால் போலீஸ் வரும்வரை யாரையும் மிதிக்க விடாமல் பார்த்துக்கொள்வதும், கேமரா பதிவு அழிந்துபோகாமல் மேனேஜரிடம் சொல்லி எடுத்து வைக்கச் சொல்வதும் பெரிய உதவி.

கேட்டுக்கு வெளிய ரோட்டுல ஆக்சிடென்ட். டூட்டி இடத்தை விட்டுப் போகலாமா?

108-க்குப் போன் போட எங்கேயும் போக வேண்டியதில்லை, அது உடனே. இரண்டு பேர் டூட்டியில் இருந்தால் ஒருவர் போகலாம். தனி ஆள் என்றால் கேட்டைப் பூட்டிவிட்டு, சூப்பர்வைசருக்கு ஒரு வரி சொல்லிவிட்டுப் போங்கள். அடிபட்டவருக்கு உதவினால் கேஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்பது பழைய பயம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்ல எண்ணத்தோடு உதவியவர் மேல் சிவில், கிரிமினல் எந்த வழக்கும் வராது என்கிறது, பெயர் சொல்லும்படியும் கட்டாயப்படுத்த முடியாது. ஏஜென்சிகள் இந்த விஷயத்தை எழுத்தில் முன்கூட்டியே கார்டுக்குக் கொடுத்துவிட்டால் அவர் அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

'மூணாவது மாடி வீட்டுக்கு நேத்து யார் வந்தாங்க?'னு பக்கத்து வீட்டம்மா கேக்கறாங்க. சொல்லலாமா? கேமராவுல பார்த்துச் சொல்லச் சொல்றாங்க.

கூடாது. வேலையில் தெரிந்துகொண்டதை முதலாளிக்கும், அவர் சொல்லச் சொன்னவருக்கும், போலீஸ் விசாரணைக்கும், சட்டப்படி கேட்கும் அதிகாரிக்கும் தவிர வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்று அதே 2005 சட்டத்தின் 18-வது பிரிவு சொல்கிறது. 'செக்ரட்டரிகிட்ட கேளுங்கம்மா, எனக்கு அனுமதி இல்ல' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். தீபாவளி இனாம் கொஞ்சம் குறையும்.

துப்பாக்கி கார்டு ஆகணும்னா இந்த சர்டிஃபிகேட் போதுமா?

போதாது. பயிற்சியில் ஆயுதம் கையாள்வது விருப்பப் பாடம் மட்டும். துப்பாக்கி லைசென்ஸ் ஆயுதச் சட்டத்தின் கீழ் தனியாக வாங்க வேண்டியது.

எங்க அப்பார்ட்மென்ட்ல ஏஜென்சி இல்ல, நாங்களே ரெண்டு பேரை வெச்சிருக்கோம். இந்தச் சட்டமெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

சட்டம் ஏஜென்சித் தொழில் செய்கிறவர்களைத்தான் பிடிக்கிறது. சொந்தமாகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டால் பசாரா லைசென்ஸோ 160 மணி நேரமோ உங்கள் மேல் வராது. இந்த ஓட்டைக்காகவே நேரடியாக வைத்துக்கொள்கிற அசோசியேஷன்களும் உண்டு.

ஆனால் நெருப்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. குறைந்தபட்சம் போலீஸ் சரிபார்ப்பு செய்துவிடுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை நாள் ஒதுக்கி இந்த நாலையும் காட்டிக்கொடுங்கள்: மெயின் ஸ்விட்ச் எங்கே, கேஸ் வால்வு எங்கே, லிஃப்ட் சாவி எங்கே, படுத்த படுக்கையாக யார் யார் எந்தெந்த வீட்டில். பெயிண்ட் அடிக்க ஆறு லட்சம் ஒதுக்குகிற கூட்டத்தில் இதற்கு மட்டும் ஏன் யாரும் கை தூக்குவதில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஏஜென்சி அனுப்பற ஆள் நெஜமாவே பயிற்சி முடிச்சவர்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? சர்டிஃபிகேட்டே விலைக்குக் கிடைக்குதாமே?

கிடைக்கிறது, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு சைட்டில் பதினொரு கார்டுகள், பதினொரு சான்றிதழ், எல்லாவற்றிலும் ஒரே தேதி, ஒரே பேனா. அந்தத் தேதியில் அதில் நாலு பேர் இன்னும் பீகாரிலிருந்து ரயில் ஏறவே இல்லை. அவர்கள் பாவம், அவர்களுக்கே அப்படி ஒரு காகிதம் இருப்பது தெரியாது.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை: ஏஜென்சி லைசென்ஸை அலுவலகத்தில் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும், அது ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும், எந்தெந்த மாவட்டத்துக்கு என்றும் பாருங்கள். கார்டு போட்டோ அடையாள அட்டையை இடுப்புக்கு மேலே வெளியே தெரியும்படி போட்டிருக்க வேண்டும். அப்புறம் ஆளையே சோதியுங்கள். எக்ஸ்டிங்விஷரைக் கையில் கொடுத்து எப்படி இயக்குவது என்று கேளுங்கள், விசிலை ஊதச் சொல்லுங்கள், 'இப்ப யாராவது மயங்கி விழுந்தா என்ன பண்ணுவீங்க?' என்று கேளுங்கள். மூன்றுக்கும் விழித்தால் உங்கள் கோபம் ஏஜென்சி மேல் இருக்கட்டும், அவர் மேல் வேண்டாம்.

பயிற்சி எல்லாம் சரி, பன்னெண்டு மணி நேரம், ரிலீவர் வரலைன்னா இருபத்திநாலு மணி நேரம். எப்படிங்க முழிச்சிருக்கறது?

முடியாது. இதற்கு என்னிடம் டெக்னிக் எதுவும் இல்லை. டபுள் டூட்டி பார்க்கிற ஆளுக்கு நான் எத்தனை மணி நேரம் வகுப்பு எடுத்தாலும் ராத்திரி மூன்று மணிக்கு அவர் கண் மூடத்தான் செய்யும். தூங்கிவிட்டார் என்று போட்டோ எடுத்து குரூப்பில் போடுகிற குடியிருப்பாளர், அந்த ஆளுக்கு எத்தனை மணி நேர டூட்டி என்று ஒரு தடவை கேட்கலாம்.

சட்டத்தில் பிடி இருக்கிறது. குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., போனஸ், கிராஜுவிட்டி மாதிரியான தொழிலாளர் சட்டங்களின் பட்டியலை 2005 சட்டத்தின் கடைசியிலேயே இணைத்து, அவற்றை மீறினால் லைசென்ஸை ரத்து செய்யலாம் என்று வைத்திருக்கிறார்கள். மிகக் குறைந்த விலை சொன்ன ஏஜென்சிக்கே கான்ட்ராக்ட் என்று முடிவெடுக்கும்போது, அந்த விலையில் குறைந்தபட்சக் கூலியும் பி.எஃப்.பும் ஈ.எஸ்.ஐ.யும் ரிலீவர் சம்பளமும் அடங்குகிறதா என்று கூட்டிப் பாருங்கள். அடங்காது. அப்படியானால் யாரோ ஒருவர் வயிற்றிலடித்துத்தான் அந்த விலைக்குறைப்பு வருகிறது.

முதலாளி ஒண்ணு சொல்றார், நீங்க வகுப்புல வேற சொல்றீங்க. பின்பக்க எமர்ஜென்சி வழியைத் திருட்டு போகும்னு பூட்டி வைக்கச் சொல்றார். நான் என்ன பண்ணட்டும்?

எல்லாவற்றிலும் கஷ்டமான கேள்வி இதுதான், பண்டிகை சீசனில் மாதத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். ஆட்கள் உள்ளே இருக்கும்போது வெளியேறும் வழியைப் பூட்டக்கூடாது, இதில் முதலாளி சொல்வது தப்பு. ஆனால் 'முடியாது' என்று சொல்லிவிட்டு வேலையை இழந்துவிடுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், உங்கள் வீட்டு வாடகையை நான் கட்டப்போவதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது: நோட்டில் தேதி, நேரம், யார் பூட்டச் சொன்னார் என்று எழுதுங்கள். அன்றே சூப்பர்வைசருக்கு மெசேஜாக அனுப்புங்கள், போனில் சொன்னால் போதாது. ஏஜென்சிதான் முதலாளியிடம் பேச வேண்டும், அதற்குத்தான் அது கமிஷன் வாங்குகிறது. உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற, வெளியிலிருந்து திறக்க முடியாத கதவு கிடைக்கிறது, திறந்தால் அலாரம் அடிக்கிற மாதிரியும் இருக்கிறது, திருட்டுப் பயத்துக்கு அதைப் போடச் சொல்லி யோசனையாகவே சொல்லலாம், பல கடைக்காரர்கள் அதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வரும்வரை அந்தக் கதவுப் பக்கம் ஒரு ஆள் நிற்க வேண்டும், சாவி அவர் இடுப்பில் இருக்க வேண்டும். மேனேஜர் டிராயரில் இருந்தால் மதியம் அவர் சாப்பிடப் போகும்போது டிராயரையும் பூட்டிவிட்டுத்தான் போவார்.